முதலில் உங்களைத்தான் தேடினான்

அக்கா,

இன்று காலை டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனையோடு அந்த மஞ்சள் ஸ்வெட்டர் மேலே வந்தது. குன்னூர் மழைக்கு வீட்டில் எல்லாம் பூஞ்சை பிடித்துக் கிடக்க, அது மட்டும் நீங்கள் பின்னிக் கொடுத்த அன்று போலவே இருக்கிறது. பார்த்தாலே எரிச்சல் வருகிறது. உங்கள் மேல் அல்ல, என் மேல்.

அப்போது என் மகன் ஒன்பது நாள் பிள்ளை. மார்பில் போட்டால் காம்பை நுனியில் கவ்வி இரண்டு இழுப்பு இழுப்பான், விட்டுவிட்டு அலறுவான், அலறிக் களைத்துத் தூங்கிவிடுவான். எனக்குக் காம்பு வெடித்து ரத்தம். "பால் பத்தலை, புட்டிய வெச்சரலாம்" என்று மாமியார் வேளைக்கு ஒருமுறை சொன்னார். பால் இல்லாமலா ரவிக்கை நனைந்து ஒட்டியது? சொன்னாலும் கேட்பாரில்லை.

பக்கத்து வீட்டிலிருந்து நீங்கள் தினமும் வந்து, தலையை இப்படித் தாங்கு, தலையணையை அப்படி வை என்றீர்கள். அன்று நான் தெரிந்தேதான் சொன்னேன்: "பெத்தவங்களுக்குத்தானுங்க அது தெரியும். நீங்க சும்மா இருங்க." பதினான்கு வருடமாகப் பிள்ளைக்குக் காத்திருந்த உங்களிடம். நீங்கள் பிள்ளையின் சால்வையை மடித்து வைத்துவிட்டுப் போனீர்கள்.

மறுநாள் சுகாதார நிலையத்தில் எடை பார்க்க வேண்டும். மாமியாருக்கு முழங்கால் வலி. நீங்கள் வரமாட்டீர்கள் என்று நினைத்தேன். குடையோடு வாசலில் நின்றீர்கள்.

"இத்தனை துணியோட எடை பாக்க முடியாதுங்க" என்றார் நர்ஸ். குல்லா, கையுறை, உங்கள் ஸ்வெட்டர், அதற்குள் இன்னொன்று, பனியன். குளிர் குளிர் என்று ஆளாளுக்கு ஒன்று மாட்டியிருந்தோம். எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்ததில் எடை குறைந்திருந்தது. இரண்டு நாளில் ஏறாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்.

வெற்றுடம்போடு அழுத பிள்ளையை நீங்கள் தோளில் சாய்த்தீர்கள். அவன் அழுகையை நிறுத்தி, தலையைத் திருப்பி, வாயை அகலத் திறந்து உங்கள் ரவிக்கையில் முட்டினான். ஒரு கணம் நீங்கள் அசையவில்லை. பிறகு என்னிடம் நீட்டினீர்கள்.

"துணி வேண்டாம் கண்ணு. அப்படியே நெஞ்சோட சேத்துப் புடி. நான் பின்னுனதே குறுக்க நின்னிருக்குது."

உங்கள் சால்வையால் இருவரையும் மறைத்தீர்கள். அவன் தாடை என் மேல் பதிந்தது. வாய் நிறையக் கவ்வினான். வலித்தது, பிறகு வலி குறைந்து, அவன் விழுங்கும் சத்தம் கேட்டது.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. வீட்டில் மாமியார் போர்த்துவார், நான் அவிழ்ப்பேன். புண் ஆறவே இரண்டு வாரம் ஆயிற்று. அவர் சண்டைக்கு வரும்போதெல்லாம் "சளி புடிச்சா நான் பாத்துக்கறேனுங்க" என்று நடுவில் நின்றது நீங்கள்.

போன ஜூனில் காய்ச்சலோடு நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "அக்கா, அன்னைக்கு நான் அப்படிச் சொன்னது..." என்று ஆரம்பித்தேன். "பையன் சாப்பிட்டானா?" என்று வெட்டிவிட்டீர்கள். நானும் விட்டுவிட்டேன். அதற்கடுத்த நாள் கேட்க நீங்கள் இல்லை.

மன்னிப்பைக்கூட விடுங்கள். பால் தேடி அவன் முதலில் வாய் திறந்தது உங்களிடம்தான், நான் பார்த்தேன் என்றாவது சொல்லியிருக்கலாம். எட்டு வருடம் அடுத்தடுத்த வீட்டில் இருந்தும் சொல்லவில்லை, அக்கா.