பாதி முட்டைகள் ஊசிக்கு

ஜனவரி 10, 1993, ஞாயிறு
இன்று நான் சொல்லாதது: "குறை உங்கள் மகனிடம்தான்."

மாமியார் ரோசா காபி ஊற்றிக்கொண்டே, "புஸ்தகத்தக் கட்டிக்கிட்டுத் தூங்குனா கொழந்த எப்படிம்மா வரும்?" என்றார். என் கணவன் யோரிஸ் தட்டிலிருந்த பழ டார்ட்டின் ஓரத்தை உதிர்த்துக்கொண்டிருந்தான். அவன் விந்தில் உயிருள்ள அணுவைத் தேடித்தான் எடுக்க வேண்டும். நாலு வருடமாக எங்கள் இருவருக்கும் தெரியும். கெண்ட் நகரில் வேறு யாருக்கும் தெரியாது. எல்லோரும் என் வயிற்றையே பார்க்கிறார்கள்.

ஜனவரி 14
பிரஸ்ஸல்ஸ், கருத்தரிப்பு மருத்துவமனை. டாக்டர் வெர்மேரன் படம் போட்டு விளக்கினார். கருமுட்டையின் உறைக்கு அடியில் சில அணுக்களை விட்டு, அவை தாமாக உள்ளே போகும் என்று காத்திருப்பது ஒரு வழி. ஒரே ஓர் அணுவை ஊசியால் முட்டைக்குள்ளேயே செலுத்துவது புது வழி. எது மேல் என்று அவர்களுக்கே இன்னும் உறுதியில்லை. அதனால் என் முட்டைகளில் பாதிக்கு அது, பாதிக்கு இது.

ஊசி பட்டு முட்டை செத்துப்போனால் என்று கேட்டேன்.

"சிலது போகும்மா. அதத்தான் பாக்கணும்."

பார்க்கணுமாம். இது என்ன, சமையல் போட்டியா?

ஜனவரி 29
முட்டைகள் வளர தினமும் ஹார்மோன் ஊசி. வயிறெல்லாம் நீலம். யோரிஸ்தான் போட்டுவிடுகிறான். கண்ணை மூடிக்கொள்வதும் அவன்தான்.

பிப்ரவரி 6
நேற்று முட்டைகளை எடுத்தார்கள். இன்று ஆய்வகத்திலிருந்து போன். உறைக்கு அடியில் விட்ட பாதியில் ஒன்றுகூடக் கருவாகவில்லை. ஊசி போட்ட பாதியில் ஒன்று செத்துவிட்டது, இரண்டு கருவாகியிருக்கின்றன. நாளை உள்ளே வைப்பார்கள்.

பாதியை வீணடித்தோம் — அப்படிச் சொல்லக்கூடாதோ? அந்தப் பாதி இல்லாவிட்டால் இந்தப் பாதிதான் மேல் என்று எப்படித் தெரியும்? சரி, தெரிந்து யாருக்கு லாபம்?

பிப்ரவரி 14
"கரு உருவாயிடுச்சு" என்று யோரிஸ் தன் அம்மாவிடம் உளறியிருக்கிறான். உருவானது கண்ணாடித் தட்டில் என்பதை விட்டுவிட்டான். பிள்ளை பிறந்தால் பார்க்க வருபவர்களுக்குக் கொடுக்கும் சர்க்கரைப் பாதாமுக்கு மாமியார் அதற்குள் மிட்டாய்க் கடையில் சொல்லியாயிற்று. பாதி நீலம், பாதி ரோஜா நிறம்.

மறுபடியும் பாதி!

பிப்ரவரி 21
ரத்தம்.

பிப்ரவரி 28, ஞாயிறு
"கடக்காரிக்கு நான் என்னத்தச் சொல்றது? உன் ஒடம்புக்கு ஒண்ணையும் தாங்கத் தெரியலையே" என்றார் மாமியார்.

யோரிஸ் முட்கரண்டியைக் கீழே வைத்தான். "அவள விடும்மா. கோளாறு எங்கிட்ட. மொதல்லேர்ந்தே எங்கிட்டதான்."

அவர் கோப்பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். குழாய் வெகுநேரம் ஓடியது.

காரில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தான். நான் நன்றி சொல்லவில்லை. நாலு வருஷம் கழிச்சு — எதுக்கு நன்றி?

மே 11
அடுத்த முறைக்குப் பேசப் போனோம். டாக்டர் மறுபடி பங்கு பிரிக்கப் பார்த்தார்.

"பாதியெல்லாம் வேண்டாம் டாக்டர். எல்லாத்தையும் ஊசிக்கே குடுங்க."

இப்போது வருகிற எல்லோரும் அதையே கேட்பதாகச் சொன்னார். ஒப்பிட்டுப் பார்க்க ஆள் கிடைக்கவில்லையாம். அவர் கவலை அவருக்கு.

ஜூலை 20
போன மாதம் எல்லா முட்டைகளுக்கும் ஊசிதான். இரண்டு கருக்களை வைத்தார்கள். ஒன்று தங்கியது. இன்று ஸ்கேன் திரையில் அதன் இதயம் துடித்தது.