லவ்டேலில் நீங்கள் எடுத்த அழுகைக் கோச்சி

அண்ணே,

நேற்று மகள் தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "ஏம்மா, இது நீதானே?" என்றாள். நீங்கள் டெலிவிஷனுக்கு எடுத்த தொடர் நாடகத்தில், ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட நம் சனங்கள் சிலோனில் அழுகைக் கோச்சி என்று நாம் சொன்ன அந்த ரயிலில் ஏறும் காட்சி வந்த வாரம். யாரோ பழைய நாடாவிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறார்கள். படம் மங்கலாகத்தான் ஓடுகிறது. முடிவில் உங்கள் பெயர் வந்ததும் போனைக் கையில் வாங்கிக்கொண்டேன். நீங்கள் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது.

உங்களை எனக்கு முதலில் ரதியாகத்தான் தெரியும். அங்கே சிலோனில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும்போது, மீசையை எடுத்துவிட்டுச் சேலை கட்டி எரிந்துபோன மன்மதனுக்காக நீங்கள் அழுதால் லயத்து வீடுகளின் பெண்கள் எல்லோரும் மூக்கைச் சிந்துவார்கள். இங்கே நீலகிரிக்கு வந்து எங்களோடு கொஞ்ச நாள் தேயிலைக்கு மருந்தடித்தீர்கள். பிறகு நடிக்கப் போகிறேன் என்று மதராஸுக்குக் கிளம்பினீர்கள். கிடைத்ததெல்லாம் கடைசிக் காட்சியில் வந்து விலங்கு மாட்டும் போலீஸ்காரர் வேஷம். அதைச் சொல்லி நாங்கள் உங்களைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. நீங்கள் இயக்கிய நாடகம் வந்த பிறகுதான் எங்கள் வாய் அடைத்தது.

அன்று நாம் ரயிலேறிய அட்டன் ஸ்டேஷனுக்குப் பதிலாக லவ்டேல் ஸ்டேஷனைப் பிடித்தீர்கள். கட்டபெட்டிலிருந்து எங்களை லாரியில் வரவழைத்தீர்கள். ரயிலேறுகிற மாதிரி நடித்தால் போதும் என்றுதான் சொல்லி அனுப்பியிருந்தீர்கள். நாங்களோ ஆளுக்கொரு பாஸ்போர்ட்டையும் குடும்பக் கார்டையும் மடியில் கட்டிக்கொண்டு வந்து இறங்கினோம். கோச்சி ஏறு என்றால் காகிதத்தை எடு என்றுதான் எங்களுக்குப் பழக்கம். மதராஸ்காரர்கள் சிரித்தார்கள். நீங்கள் உங்கள் ஜிப்பாப் பையிலிருந்து உங்களுடையதை எடுத்துக் காட்டினீர்கள். நீங்களும் கொண்டுவந்திருந்தீர்கள்! சிரிப்பு நின்றது. அத்தனை காகிதமும் கையில் தெரியும்படிதான் படம் பிடித்தீர்கள்.

நான் ஜன்னலோரம். அக்காவாக நடித்த பெண் வெளியே ஓடி வர, நான் எட்டிப் பார்த்து அழுதபடி கையாட்ட வேண்டும். ஆனால் என் சொந்த அக்கா, கடைசி நேரத்தில் புருஷனோடு அங்கேயே இருந்துவிடுகிறேன் என்று சொன்னவள். அந்தக் கோபத்தில் அன்று அட்டனில் வண்டி கிளம்பும்போது நான் அவள் பக்கம் திரும்பவே இல்லை. கூப்பிட்டுக்கொண்டே ஓடி வந்தது காதில் விழுந்தது. நாலாம் வருஷம் அவள் செத்துப்போனதாகத் தந்தி வந்தது.

உதவியாளர் மூன்று தடவை சொல்லியும் என் கை எழவில்லை. நீங்கள் பெட்டிக்குள் ஏறி எதிரே உட்கார்ந்தீர்கள்.

"நா அன்னைக்குக் கை காட்டல அண்ணே. மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன்" என்றேன். அதுவரை யாரிடமும் சொல்லாதது.

"அப்ப அப்புடியே குந்து தங்கச்சி. அழ வேணாம். திரும்பணும்னு தோணுச்சுன்னா திரும்பு. இல்லாட்டி அதுவும் சரிதான்."

எழுதிவைத்திருந்த காட்சியை எனக்காகத் தூக்கிப் போட்டீர்கள். நடிகர் ஒருவர் இயக்குநராவதில் என்ன லாபம் என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். எதிரே இருப்பவருக்கு எப்போது நடிக்க வராது என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தது.

வண்டி நகர்ந்தது. அந்தப் பெண் "தங்கச்சி" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடி வந்தாள். நான் திரும்பினேன். பிளாட்பாரம் முடியும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு உங்களுக்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

இத்தனை வருஷத்தில் நிஜ அட்டனும் நீங்கள் எடுத்த அட்டனும் எனக்குள் கலந்துபோய்விட்டன. இப்போதெல்லாம் கண்ணை மூடினால் ஓடி வருவது என் அக்காவேதான். நான் திரும்பிப் பார்க்கிறேன் அண்ணே.