ஆடாத கண்ணாடி

ஜூன் 4
வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். இந்தப் பழைய மில்லை வீடுகளாக மாற்றுகிறார்கள். ஜன்னல் சட்டங்களைக் கழற்றி, கண்ணாடியைப் பிடித்திருக்கும் காய்ந்த பட்டியைச் சுரண்டி, பழைய கண்ணாடியையே திரும்பப் பொருத்த வேண்டும். என் வீட்டுக்காரர் சாகும்வரை பார்த்த வேலை. அவர் வேலை பார்த்த மேசையில் இப்போது ஒரு சுருட்டைமுடிக்காரி; சுருட்டை என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். அவருக்குக் கூடமாட இருந்தவளாம். எனக்குத் தரைத்தளத்தில் இடிசல் அள்ளும் வேலை, இடித்துப் போட்ட கல்லும் மண்ணும்.

ஜூன் 5
டீ ஊற்றினேன். "அண்ணன் சர்க்கரையே தொடமாட்டாருக்கா" என்கிறாள். வீட்டில் இரண்டு கரண்டி போட்டுக் குடித்த மனுஷன்! யாரிடம் கதை விடுகிறாள்?

ஜூன் 9
பட்டியைக் கட்டைவிரலால் இழுத்துவிட்டு விரலைத் தொடையில் தேய்க்கிறாள். அப்படியே அவர். அந்தக் கறையை எத்தனை தடவை துவைத்திருப்பேன். கறை எனக்கு, பழக்கம் அவளுக்கா?

ஜூன் 10
வயிறு எரியுது. வேற என்ன எழுத.

ஜூன் 16
மூன்றாம் மாடியில் இன்ஜினியர் கத்தினார். பழைய கண்ணாடி வழியாகப் பார்த்தால் எதிர்ச்சுவர் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் ஆடும். ஒரு ஜன்னல் கட்டத்தில் மட்டும் ஆடவில்லை. பழையதை யாரோ உடைத்துவிட்டு, சத்தமில்லாமல் புதுசு போட்டிருக்கிறார்கள்.

"நான்தான் சார் உடைச்சேன்" என்றாள் சுருட்டை.

பொய். உடைத்தது அவர். உடைத்த அன்று ராத்திரி சாப்பிடும்போது என்னிடம் சொன்னார், "வெளிய சொல்லிடாதடி" என்று. எனக்கு மட்டும்தான் தெரியும் என்று இருந்தேனே...

அவளைக் கீழே இடிசல் அள்ள அனுப்பிவிட்டார்கள். மேசை எனக்கு.

ஜூன் 17
ஆசைப்பட்ட மேசைதானே? கை ஓடவில்லை. கீழே அவள் கூடை தூக்கிக்கொண்டு நிமிர்ந்து நடக்கிறாள். அவருக்காகத் திட்டு வாங்க இவ யாரு? பொண்டாட்டி நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். அந்தத் திட்டு என்னோடது.

ஜூன் 18
இன்ஜினியரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். "உடைச்சது என் வீட்டுக்காரர். திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க சார்." நல்லபேர் வாங்க இல்லை. அந்தத் திட்டை அவளிடம் விட்டுவைக்க மனசில்லை, அவ்வளவுதான். இன்ஜினியர் என்னைத் திட்டவும் இல்லை. சுருட்டையை மேலே வரச் சொன்னார்.

வந்ததும் பாய்ந்தாள். "ஏங்க்கா அண்ணனக் காட்டிக் குடுத்தீங்க?"

"என் புருஷன், நான் காட்டிக் குடுப்பேன். உனக்கென்னடி?"

முறைத்தவள் சிரித்துவிட்டாள். "'இங்க எதுக்குச் சர்க்கரை? வீட்ல ஒருத்தி ரெண்டு நாளைக்குச் சேத்துப் போட்டுடறா'ன்னு அண்ணன் சொல்லுவாரு. சரியாத்தான் சொல்லியிருக்காரு. எல்லாமே உங்களுக்குத் தூக்கல்தான்."

சொல்லியிருக்கலாமே என்னிடம். குறைத்துப் போட்டிருப்பேனே.

ஜூன் 23
கழித்துப்போட்ட சட்டத்திலிருந்து ஆடுகிற கண்ணாடி ஒன்று எடுத்து, அந்தக் கட்டத்தில் போட்டோம். மேல் ஓரத்தில் பட்டி இழுத்தது அவள், கீழ் ஓரத்தில் நான். "விரலை அழுத்துங்கக்கா, கண்ணாடிக்கு வலிக்காது" என்றாள்.

வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். என் துணியில், தொடைப் பக்கம், பட்டிக் கறை.

துவைக்கப் போடவில்லை.