துண்டு போட்ட சீட்

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி வணங்கி எழுதுவது. உன் முட்டிவலி தேவலையா?

இங்கே புது பஸ் விடுவார்கள் என்று நான் போன வருஷமே சொன்னேன், விட்டுவிட்டார்கள். நான் டைல்ஸ் ஒட்டும் கட்டிடத்து வாசலிலேயே நிற்கிறது. அதிகாரிகள் என்னைக் கேட்டுத்தான் ஸ்டாப்பிங்கே வைத்தார்கள்.

முதல் நாள் பழைய பழக்கத்தில் ஜன்னல் வழியாகத் துண்டை வீசி இடம் பிடிக்கப் பார்த்தேன். அது திறக்காத கண்ணாடி, துண்டு என் மூஞ்சியிலேயே விழுந்தது. "உள்ளே காலியாத்தான் இருக்கு, ஏறுங்கண்ணே" என்றார் டிரைவர். பள்ளிக்கூடம் போகும்போது நீ எனக்குத் துண்டு போட்டு, ஊரோடு சண்டை பிடித்ததை நினைத்துக்கொண்டேன்.

தனியாகவா போய்வருகிறாய் என்று கேட்டிருந்தாய். பக்கத்து சீட்டில் தினமும் ஒரு பெயிண்டர் வருகிறான், வாய் ஓயாது. துண்டு நைந்துவிட்டது, ஒன்று அனுப்பு.

பஸ் வந்துவிட்டது. அக்கா, அந்தப் பெயிண்டர் மட்டும் நானாகக் கட்டிச் சொன்னது, அப்படி யாரும் வருவதில்லை. பக்கத்து சீட்டில் உனக்குத்தான் துண்டு போட்டு வைக்கிறேன்.