கோவில்பதாகைக் கிணறும் உன் பிரசவமும்

இயேசு மரி சூசை துணை

கோவில்பதாகை, ஆவடி

அன்பு மகள் ரெனிதாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை ஃபெலிக்ஸும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் நாக்பூரில் சுகமாக இருக்க வேண்டும் என்று மாதாவிடம் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, நம் கிணற்றுக்குத்தான் சுகமில்லை. போனில் சொன்னால் நீ அழுவாய், உடனே நானும் அழுவேன், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும், அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து நிதானமாகப் படி.

தெருமுனைப் பெட்ரோல் பங்க்கை மூடி, தரைக்கு அடியில் இருந்த டேங்கைத் தோண்டி எடுத்தபோதுதான் அது பல வருடமாக ஒழுகிக்கொண்டிருந்தது தெரிந்தது, உனக்குச் சொல்லியிருக்கிறேன். அன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை லேபிலிருந்து சபீனா என்ற பெண் வருகிறாள். பங்க் இருந்த மனையில் இறக்கியிருக்கும் குழாய்களிலும் நம் வரிசை வீட்டுக் கிணறுகளிலும் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய்ப் பரிசோதிக்கிறாள், மண்ணுக்குள் பெட்ரோல் எந்தப் பக்கம் நகர்கிறது, கூடுகிறதா குறைகிறதா என்று பார்ப்பதற்கு. போன முறை நம் கிணறு கிட்டத்தட்ட சுத்தம் என்று முடிவு வந்தது. அந்தத் தெம்பில்தானே தலைப்பிரசவத்துக்கு உன்னை அழைத்துவர டிக்கெட் போட்டோம். முன் அறைக்கு வெள்ளையடித்துத் தொட்டில் கட்டக் கொக்கியும் மாட்டியாயிற்று.

இந்த முறை சபீனா சொன்ன நாளுக்கு ஒரு நாள் முன்னாலேயே வந்து நின்றாள். உன் அப்பா கையில் ப்ளீச்சிங் பவுடர் பொட்டலத்தோடு வாசலுக்கு ஓடி, நாளைக்கு வாம்மா, கிணத்த இன்னும் க்ளீன் பண்ணல என்றார். அந்தப் பெண்ணின் முகம் போன போக்கை என்ன சொல்ல. விசாரித்தால், போன முறை அவள் வருவதற்கு முன்னால் பழைய வேட்டியைக் கயிற்றில் கட்டி இறக்கி, மேலே மிதந்த எண்ணெயை ஒற்றி எடுத்து, பாதிக் கிணற்றை மோட்டார் போட்டு இறைத்து, பவுடரையும் தூவியிருக்கிறார். நானும் பார்த்தேன், கிணற்றைச் சுத்தம் செய்கிறார், நல்லதுதானே என்றுதான் நினைத்தேன். ஃபேக்டரியில் இத்தனை வருடம் இன்ஸ்பெக்‌ஷன் என்றால் முதல் நாளே மெஷினைத் துடைத்துத் தரையைக் கழுவிப் பழகிய மனுஷர், வீட்டுக்கே இன்ஸ்பெக்‌ஷன் வந்தால் சும்மா இருப்பாரா. புண்ணுக்குப் புனுகு பூசின கதைதான். சபீனா கோபப்படவில்லை, சார், அழுக்கா இருந்தா அழுக்காவே காட்டுங்க, அப்பதான் எங்களுக்குத் தெரியும் என்று மட்டும் சொல்லிவிட்டு, இருந்தபடியே தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போனாள்.

முடிவு நேற்று வந்தது. பென்சீன் என்ற விஷம் நிறைய இருக்கிறதாம், குடிக்க மட்டுமல்ல, குளிக்கவும் ஆகாதாம். குடிக்கத்தான் கேன் வாங்குகிறோம், பிள்ளைக்கும் பெற்றவளுக்கும் நன்றாகக் கொதிக்க வைத்து ஊற்றினால் போய்விடாதா என்று சபீனாவிடம் கேட்டேன். கொதிக்க வெச்சா ஆவியா வரும்மா, மூடின பாத்ரூம்ல குழந்தை அதைத்தான் இழுக்கும் என்றாள். அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்து வீட்டு அங்கம்மா, இன்னாக்கா நீ, நாங்கல்லாம் அதுலதான குளிச்சிகினு கீறோம், இன்னா ஆயிப்போச்சு என்கிறாள். சொல்லும்போதே முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

அதனால் நீ வர வேண்டாம் ரெனிதா. தலைப்பிரசவத்துக்கு மகளை அழைக்காத தாய் என்று சொந்தக்காரர்கள் பேசுவார்கள், உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது, பேசட்டும். எனக்கு நெஞ்சு ஆறவில்லை. பெற்ற பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு வராதே என்று எழுதும்படி ஆகிவிட்டதே. நான் அங்கே வருகிறேன், முட்டி வலியைப் பார்த்தால் ஆகாது. பிரசவ லேகியம் கிளறி எடுத்து வருகிறேன், உனக்கும் பிள்ளைக்கும் என் கையால் அங்கேயே தண்ணீர் ஊற்றுகிறேன். அப்பா வரமாட்டார். கிணற்றுக்கு மூடி போட்டுப் பூட்டிவிட்டார், சபீனா வந்தால் மட்டும்தான் திறப்பாராம், யாரும் கை வைத்துவிடக் கூடாது என்று வீட்டோடு இருக்கப்போகிறார். என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. திட்ட வேண்டும் என்றுதான் இருந்தேன், பார்த்தால் திட்ட வாய் வரவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, மாத்திரையை விட்டுவிடாதே, தனியாகப் படி இறங்காதே. மாதா உன்னையும் உன் பிள்ளையையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம்.

ஒன்றை மறக்காதே. அப்பா எனக்குத் தெரியாமல் உனக்குப் போன் செய்வார், லாரித் தண்ணி ஊத்திப் பாத்துக்கிறேம்மா, நீ வந்துடு என்பார். கிணற்றுத் தண்ணீர் ஏறி ஏறி நம் மாடித் தொட்டியும் குழாயும் கூட நாறுகிறது, அவருக்குத்தான் மூக்கு பழகிவிட்டது. குரல் தழுதழுக்கக் கேட்பார், உனக்கு அவரிடம் மாட்டேன் என்று சொல்லி வழக்கமில்லை. இந்த ஒரு தடவை சொல்லிவிடு, கண்ணு.

உன் அம்மா
செலின்