நீங்கள் வாசிக்காமல் விட்ட வரி

அன்பு மாறாத ராசண்ணை,

நீங்கள் கண்மூடி நாலு மாதம். இங்கே கனடாவில், எங்கள் டோர்செட் பார்க்கில் பனி இன்னும் முழுதாகக் கரையவில்லை. எங்கள் கட்டடத்து எலிவேற்றர் பழையபடி நின்றுவிட்டது. நானும் என் மனைவி பூமணியும் ஏழு மாடி ஏறி வந்தோம்.

நேற்று என் மருமகன் துபாயிலிருந்து போனில் முகம் காட்டிக் கதைத்தான். "மாமா, பாருங்கோ, உதுதான் என்ரை மாளிகை" என்று அறையைச் சுற்றிக் காட்டினான். கட்டிலுக்கு மேல் கட்டில், கயிறு நிறைய ஈரச் சட்டை. இந்தக் காலத்தில் எதையும் ஒளிக்க முடியாது. நாங்கள் குவைத்தில் இருந்தபோது முடிந்தது. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எட்டுப் பேர் படுத்த அறை. குழாயில் சுடச்சுட வரும் தண்ணீரைக் குளிக்க முதல்நாளே வாளியில் பிடித்து ஆறவைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மட்டும் ஓய்வு. எழுத்துத் தெரியாத எனக்காக, அன்று சூட்கேசை மடியில் வைத்துக் கடிதம் எழுதுவீர்கள்.

"அண்ணை, ஏசி இருக்கு, மீனும் சோறும் திண்டு கொழுத்துப்போனன் எண்டு எழுதுங்கோ."

"கொழுத்துப்போனியோ? உன்ரை விலா எலும்பை எண்ணலாமடா!"

சிரித்துக்கொண்டே எழுதினீர்கள். பேனை ஓடியதைத்தான் நான் கண்டேன்.

முப்பத்தோராம் நாள் உங்கள் அந்தியேட்டிக்குப் போய்வந்த அன்று பூமணி அந்தக் கடிதங்களை எடுத்தாள். "அண்ணையின்ரை கையெழுத்து, கேளுங்கோ" என்று வாசித்தாள். வெயிலில் தோல் உரிந்தது, காய்ச்சலோடு சீமெந்து சுமந்தது, மீனைக் கண்ணாலும் காணாதது. நான் சொல்லாதது எல்லாம் இருந்தது. எல்லாம் உண்மை.

"உது தெரிஞ்ச பிறகு நான் ஒவ்வொரு கடிதத்திலையும் எழுதினனான், உழைச்சது காணும், போதும், வந்திடுங்கோ எண்டு. நீங்கள் வரேல்லை" என்றாள். கோபமில்லை. ஆறிப்போன குரல்.

அண்ணை, அவளுடைய கடிதங்களை எனக்கு வாசித்ததும் நீங்கள்தானே? அந்த வரி ஒருநாளும் என் காதில் விழவில்லையே. மழை பெய்தது, பிள்ளைக்குப் பல் வந்தது என்று வாசித்து, மடித்துத் தருவீர்கள். மேலும் மூன்று வருடம் இருந்தேன். வீட்டுக்குப் போனபோது மகள் தாயின் பின்னால் ஒளித்துக்கொண்டு, "அந்த மாமாவைப் போகச் சொல்லுங்கோ" என்றாள்.

அன்று பூமணியிடம் நான் இதைச் சொல்லவில்லை. அவளுக்குக் கூடப்பிறந்த அண்ணன் இல்லை. நீங்கள் பிறம்ரனிலிருந்து வந்தால் எனக்கு முதல் உங்களுக்குத்தான் சோறு போடுவாள். சொன்னால் அந்த அண்ணனும் போய்விடுவார். சொல்லாவிட்டால், கூப்பிட்டும் வராத புருசனாகவே நான் சாகவேண்டும்.

இன்று சொல்லிவிட்டேன். நான் சொல்லச் சொல்ல இந்தக் கடிதத்தை எழுதுவது அவள்தான். "என் காதில் விழவில்லையே" என்ற இடத்தில் பேனை நின்றது.

"அண்ணையோ?" என்றாள்.

"ஓம்."

"ஏனாம்?"

ஏன் அண்ணை? மற்ற ஆறு பேரும் வேறு பாஷைக்காரர். நான் போனால் தமிழில் ஒரு சொல் கதைக்க உங்களுக்கு ஆளில்லை. அதுவோ? காய்ச்சலில் நான் விழுந்தபோது என் பங்குச் சீமெந்தையும் சுமந்தவர் நீங்கள். அவளுக்கு உண்மையை எழுதிய மனிதர் எனக்கு ஏன் மறைத்தீர்கள்?

பூமணி சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"இவ்வளவு நாளும் என்ரை கையாலை சாப்பிட்டவர். ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

"தெரிஞ்சிருந்தா நான் வந்திருப்பன், பூமணி."

"அதையும் எழுதட்டோ?"

"எழுது."

எழுதிவிட்டு, அந்த வரியை எனக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள்.

கோபம் தீர்ந்தது என்று உங்களுக்குப் பொய் சொல்லமாட்டேன். ஆனால் வருடம் திரும்பும்போது உங்கள் ஆட்டைத் திவசத்துக்கு இரண்டு பேரும் வருவோம். உங்கள் படத்துக்கு முன்னால் நின்று அவள் கேட்கவேண்டியதைக் கேட்கட்டும், நான் தடுக்கமாட்டேன். வேறு யாரும் உங்களைக் குறை சொல்ல நான் உயிரோடு இருக்கும்வரை விடவும் மாட்டேன். இது சத்தியம்.

உங்களோடு ஒரே அறையில் கிடந்த தம்பி,
செல்லத்துரை