என் பேருக்கு வந்த சேதி

வியாழன், இரவு. ஆரப்பாளையம் லாட்ஜ்.

தங்கச்சி செல்விக்கு இன்று கணையத்தில் ஆபரேஷன். வயது முப்பத்தொன்றுதான். புற்றுக்கட்டியை எடுக்கச் சாயங்காலம் ஆகிவிடும், சீக்கிரமே கூப்பிட்டால்தான் பயப்பட வேண்டும் என்று நேற்றே சொல்லியிருந்தார்கள்.

காலையிலேயே நர்ஸ் கூப்பிட்டார். "பாண்டி யாருங்க?"

எழுந்து போனேன். முகக்கவசம் போட்ட ஒரு டாக்டர் என் தோளைத் தொட்டார். "திறந்து பாத்தோம். ஈரலுக்குப் பரவிருச்சு. கட்டிய எடுக்க முடியல, மூடிட்டோம். உங்க தம்பிக்கு..."

எனக்குத் தம்பி கிடையாது.

தம்பியைப் பக்கத்து ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்பிவிட்டு என்னோடு உட்கார்ந்திருந்த காளவாசல்காரர் பேரும் பாண்டிதான். "சின்ன வயசு, ரெண்டு வீட்டுலயும் ஒரே சீக்கு பாருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு இட்லி வாங்கப் போயிருந்தார்.

அது நானில்லை என்று டாக்டரிடம் சொன்னேன். திரும்பி வந்து உட்கார்ந்தபோது உடம்பு லேசாகிவிட்டது. அந்த லேசுதான் பயமாக இருந்தது.

அவர் வந்தார். "அண்ணே, என்னையக் கூப்பிட்டாங்களா?"

"கூப்பிட்டாங்க. போங்க."

"அதுக்குள்ள முடிஞ்சிருச்சா? கைராசி டாக்டர்தான்!" சிரித்தபடி பொட்டலத்தை என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனார். பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

செல்விக்குக் கட்டியை முழுசாக எடுத்துவிட்டார்கள். கண் விழித்து என் விரலைப் பிடித்தாள். அப்போதும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

இப்போது கண்ணை மூடினால் அந்த டாக்டர் மறுபடியும் பேசுகிறார். ஈரல் என்கிறார், மூடிட்டோம் என்கிறார். தம்பி என்ற சொல்லுக்கு முன்னாலேயே நிறுத்திவிடுகிறார், அது நானில்லை என்று சொல்ல விடாமல்.